மாசியில் ஒரு துறைமுகம்: டன்கேர்க்கில் எங்களைச் சிரித்து வரவேற்றவர்கள்

1

என் மகள் வேலை பார்க்கும் ஊரில் வருடத்துக்கு ஒருமுறை, கார்னிவல் என்ற திருவிழாவின்போது, மேயர் நகரசபை மாடத்தில் நின்று சனத்துக்கு மீன் எறிவாராம். தை மாதக் கடைசியில் அவள் தொலைபேசியில் இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை. மீன் கதையாவது பரவாயில்லை. அவள் எங்களை வரச்சொல்லிக் கூப்பிட்டதைத்தான் நான் இன்னும் குறைவாக நம்பினேன்.

ஆரணி பாரிஸுக்குப் பக்கத்துப் புறநகர் ஒன்றில் பிறந்தவள். நான் அங்கே உணவகச் சமையலறைகளில் கோப்பை கழுவி, பிறகு மரக்கறி வெட்டி, பிறகு இறைச்சி வாட்டிப் பதினொரு வருடம் இருந்தேன். பிரெஞ்சுப் பிரசாவுரிமை கிடைத்ததும், பிள்ளை ஆங்கிலம் படிக்கட்டும் என்று எல்லோரையும் போல லண்டனுக்கு வந்துவிட்டோம். இப்போது லண்டனின் கிழக்கே பார்க்கிங் என்ற பகுதியில் வீடு. கடைகளுக்கும் வீடுகளுக்கும் கண்காணிப்புக் கமரா பூட்டுவது தொழில். சந்தேகம் எனக்குச் சோறு போடுகிறது என்று என் மனைவி வதனி சொல்வாள்.

ஆங்கிலம் படிக்க வந்த பிள்ளை, படித்து முடித்ததும் திரும்பிப் பிரான்சுக்கே போனாள். வடகரையில் டன்கேர்க் என்ற பழைய துறைமுக நகரில் உயர்தரப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறாள். ஒரு வருடத்துக்குத்தான் என்று போனவள் மூன்றாவது வருடமும் அங்கேயே இருக்கிறாள். நத்தார் விடுமுறைக்கு வந்தபோது குளியலறைக்குள் நின்று தொலைபேசியில் பிரெஞ்சில் சிரித்தாள். என் பிரெஞ்சு சமையலறைப் பிரெஞ்சு என்றாலும் சிரிப்பு எனக்கு விளங்கும். இன்னொரு நாள் அவளோடு கதைக்கும்போது பின்னால் ஒரு ஆண் குரல் கேட்டது. கனத்த குரல்.

"ஆர் பிள்ளை அது?"

"வீட்டுக்கார அன்ரியின்ர பிரதர், அப்பா. பைப் திருத்த வந்தவர்."

பத்து நாள் கழித்தும் அதே குரல். ஒரு வீட்டில் எத்தனை பைப் இருக்கும்?

போகவேண்டாம் என்றுதான் நினைத்தேன். வதனி விடவில்லை. "மாசி முழுக்க முகட்டைப் பாத்துக்கொண்டு கிடப்பியள். வாங்கோ, ஒரு மாற்றமா இருக்கும்" என்றாள். மாசி எனக்கு நித்திரை வராத மாதம். அதன் காரணம் இந்தக் குறிப்பிலேயே பின்னால் வரும்.

2

டோவர் துறைமுகத்தில் எங்கள் வான் வண்டியோடு கப்பல் ஏறினோம். அங்கேயே பிரெஞ்சு அதிகாரிகள் பாஸ்போர்ட் பார்ப்பார்கள். இளம் அதிகாரி எங்கள் பிரெஞ்சு பாஸ்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"கார்னிவலுக்கா?" என்று பிரெஞ்சில் கேட்டான்.

இவனுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொண்டே வாயைத் திறந்தேன். சீருடை போட்டவர்கள் கேள்வி கேட்டால் எனக்குள் இருக்கிற மொழியெல்லாம் ஓடிவிடும். கடைசியில் மிஞ்சியது, பெரிய சமையல்காரருக்குப் பதினொரு வருடம் நான் சொல்லிப் பழகிய பதில்தான்.

"வுய், ஷெஃப்."

அவன் சத்தமாகச் சிரித்தான். எந்த உணவகம் என்று கேட்டான். பின்னால் நின்ற வாகனம் ஹோர்ன் அடிக்கும்வரை ஆட்டிறைச்சி வாட்டுவது பற்றிக் கதைத்தான். வதனி கப்பலுக்குள் போயும் சிரிப்பை நிறுத்தவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்களுடைய பொடியள் ஒரு காலத்தில் இதே கடலைத் தாண்ட அந்தக் கரையில் லொறிகளுக்குள் ஒளிந்து கிடந்தவர்கள். இரண்டு முறை பிடிபட்டு மூன்றாம் முறை வந்து சேர்ந்த ஒருவன் எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஆறு மாதம் படுத்திருந்தான். அந்தக் கடலின் வாசலில் நின்று ஒருவன் ஆட்டிறைச்சி பற்றிச் சிரித்துக் கதைக்கிறான் என்றால், இதில் ஏதோ சூது இருக்கிறது என்பதைத் தவிர நான் வேறு என்னதான் நினைப்பது?

3

டன்கேர்க் என்றதும் உங்களில் பலருக்கு உலகப்போரும் கடற்கரையில் காத்துநின்ற படைகளும் ஞாபகம் வரலாம். ஊரின் பெயருக்கு மணல்மேட்டுத் தேவாலயம் என்று அர்த்தமாம். போரில் குண்டு விழுந்து தரைமட்டமான ஊரைப் பிறகு செங்கல்லால் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். பழைய மணிக்கூட்டுக் கோபுரம் ஒன்று தப்பி நிற்கிறது. காற்று எந்த நேரமும் ஆளைத் தள்ளுகிறது. கடல் சாம்பல் நிறம்.

ஆரணி இருக்கும் வீடு துறைமுகத்துக்குக் கிட்ட. வீட்டுக்காரி மார்ட்டின் எழுபதை நெருங்கும் விதவை. கதவைத் திறந்ததும் என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். நான் அவரை 'நீ' என்று கூப்பிட்டுவிட்டேன். பிரெஞ்சில் மரியாதைப் பன்மை எனக்கு அவசரத்துக்கு வராது, சமையலறையில் எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான். ஆரணி முகத்தைச் சுளித்தாள். மார்ட்டின் மட்டும், "நல்லது, கார்னிவலில் யாருக்கும் 'நீங்கள்' கிடையாது" என்றார்.

அன்று பின்னேரம் அந்தக் கனத்த குரலும் வந்தது. குரலுக்குச் சொந்தக்காரர் பூப்போட்ட கவுன், பெண்களின் மயிர்த்தோல் கோட்டு, இறகு வைத்த தொப்பி, உதட்டில் சிவப்புச் சாயம், அதற்கு மேல் நரைத்த மீசை. மார்ட்டினின் தம்பி ஜெரோம். துறைமுகத்தில் சாமான் இறக்கி ஓய்வுபெற்றவர். நாளைக்குப் போடுகிற உடுப்பைத் தமக்கைக்குக் காட்ட வந்திருந்தார். வதனி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். என் சந்தேகங்களில் ஒன்று அந்த இடத்தில் செத்துப்போனது. வேறு ஒருவரும் இல்லையா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது ஜெரோம் கவுனோடேயே இருந்து கதை சொன்னார். அந்தக் காலத்தில் இந்த ஊர் மீனவர் மாசி பங்குனியில் ஐஸ்லாந்துக் கடலுக்கு மீன்பிடிக்கப் போவார்களாம். போனால் திரும்ப ஆறு மாதம். பலர் திரும்புவதேயில்லை. போகுமுன் கப்பல் முதலாளிமார் ஒரு விருந்து வைப்பார்கள். திரும்பி வருவோமா தெரியாது என்பதால், மீனவர் மனைவியின் உடுப்பைப் போட்டு, முகத்தில் வர்ணம் பூசி, தெருவெல்லாம் ஆடித் தீர்ப்பார்கள். கப்பல்கள் நின்றுபோய்விட்டன, ஆட்டம் நிற்கவில்லை.

"நாளைக்கு இந்த வீடு ஷப்பெல்" என்றார் மார்ட்டின்.

ஷப்பெல் என்றால் சிற்றாலயம். ஆனால் இங்கே அதற்கு வேறு பொருள். கார்னிவல் நாளில் சில வீடுகள் கதவைத் திறந்துவிடும். வேடம் போட்டவர்கள் உள்ளே வந்து வெங்காய சூப் குடித்து, இளைப்பாறி, பாடிவிட்டுப் போவார்கள். தெரிந்தவர்களின் வீட்டுக்கு முகத்தை மூடிக்கொண்டு வருவதும் உண்டு. வாய் திறக்காமல் நிற்பார்கள். யார் என்று வீட்டுக்காரர் கண்டுபிடிக்கவேண்டும். கண்டுபிடிக்கும்வரை விளையாட்டு.

"முன்பின் தெரியாதவன் வந்தால்?" என்றேன்.

"சூப் குடிப்பான்."

"களவெடுத்தால்?"

மார்ட்டின் என்னை நன்றாகப் பார்த்தார். "எதை?" என்றார்.

நான் முன்கதவைப் பார்த்தேன். பழைய பூட்டு. கமரா கிடையாது. படியில் விளக்குக்கூட இல்லை.

4

ஞாயிறு காலையிலேயே பேரிகைச் சத்தம் தொடங்கிவிட்டது. மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட வாத்தியக்காரர் முன்னால் போக, பின்னால் ஆயிரக்கணக்கானோர் கைகோர்த்து வரிசை வரிசையாக நடந்தார்கள். வாத்தியம் நடக்கும்போது நடப்பார்கள். வாத்தியம் வேகம் எடுத்தால் நின்ற இடத்திலேயே ஒருவரை ஒருவர் தள்ளுவார்கள். தரை கூட்டும் பெரிய தும்புக்கட்டை நீளத்தில் பிடி வைத்த நிறநிறக் குடைகள் தலைகளுக்கு மேல் ஆடின. தாடிக்காரர் எல்லோரும் பெண் வேடத்தில். நான் அரைமணி நேரம் நின்றுவிட்டு, சனநெருக்கம் ஒத்துவராது என்று வீட்டுக்குத் திரும்பினேன். ஆரணி தன் பாடசாலை ஆசிரியர்களோடு வரிசையில் சேரப் போய்விட்டாள்.

வீட்டுச் சமையலறையில் வதனி மார்ட்டினுக்குப் பக்கத்தில் நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. ஆனால் மார்ட்டின் தன் புருஷன் செத்த கதையைச் சொல்லி முடித்துவிட்டார் என்றும், அது இருதய நோய் என்றும் வதனி எனக்குச் சொன்னாள்.

நான் கதவைப் பார்க்கக்கூடிய கதிரையில் இருந்துகொண்டேன். வந்துகொண்டே இருந்தார்கள். கன்னியாஸ்திரி வேடத்தில் ஒரு மீசைக்காரர், இரண்டு இளம் பெண்கள், ஒரு வயோதிபத் தம்பதி. எல்லோரும் எனக்கு முத்தம் கொடுத்தார்கள். நான் ஒவ்வொருவரின் கையையும் பார்த்தேன், பையையும் பார்த்தேன். ஒருவரும் ஒன்றும் எடுக்கவில்லை. ஒருவர் மேசையில் ஒரு கேக் வைத்துவிட்டுப் போனார். அதையும் நான் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது மூன்று பேர் உள்ளே வந்தார்கள். மூவரும் உருளைக்கிழங்குச் சாக்கைத் தலையில் கவிழ்த்திருந்தார்கள். கண்ணுக்கு இரண்டு ஓட்டைகள். வாய்ப்பக்கம் ஒன்றும் இல்லை. கீழே சாதாரண உடுப்பு.

சமையலறையில் சிரிப்பு எழுந்தது. மார்ட்டின் ஒருவரைக் காட்டி, "மீன்கடைக்காரியின் மகனா?" என்றார். சாக்கு இடமும் வலமும் அசைந்தது. "பாடசாலையா?" மேலும் கீழும் அசைந்தது.

மூன்றாவது ஆள் நேரே என்னிடம் வந்தது. எனக்கு முன்னால் நின்றது. ஓட்டைகளுக்குள்ளால் என்னைப் பார்த்தது. பிறகு மெதுவாகத் தலையை ஆட்டியது. மேலும் கீழும்.

நான் எழும்பினேன் என்பதும் கதிரை விழுந்தது என்பதும் பிறகு வதனி சொல்லித்தான் தெரியும். என் இரண்டு கைகளும் தாமாகவே தலைக்குப் பின்னால் போய்க் கோர்த்துக்கொண்டன. முழங்கால் மடிந்தது. நானும் விளையாடுகிறேன் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள்.

சாக்கு கழன்றது. "அப்பா, நான்தான். அப்பா."

நான் பின்கதவால் வெளியே போய்விட்டேன்.

5

பின்வளவில் குப்பைத்தொட்டிகளும் வெறும் போத்தல்களும் இருந்தன. கூரையில் கடற்புறாக்கள். கொஞ்ச நேரத்தில் வதனி என் கோட்டைக் கொண்டுவந்து தோளில் போட்டாள்.

"பிள்ளை உள்ளுக்க இருந்து அழுறாள். என்ன செய்தனான் எண்டு கேக்கிறாள். நீங்கள்தான் சொல்லவேணும். நான் சொல்லமாட்டன்."

ஆரணி வந்து படியில் இருந்தாள். முகத்தில் சாக்கின் தும்பு ஒட்டியிருந்தது. அவளுக்கு ஒரு பெரியப்பா இருந்தார், போர்க்காலத்தில் காணாமற்போனார் என்பது தெரியும். வீட்டில் அவருடைய படம் இருக்கிறது. அதற்கு மேல் அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

சொன்னேன். ஊரில் ஒரு மாசி மாதம் ராணுவத்தின் சுற்றிவளைப்பு. பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் எல்லோரையும் கோயில் வெளிவீதிக்கு வரச்சொன்னார்கள். வெயிலில் முழந்தாளில் இருத்தினார்கள். பிறகு ஒரு ஜீப்புக்கு முன்னால் ஒருவர் பின் ஒருவராகக் கையைத் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கச் சொன்னார்கள். ஜீப்புக்குள் சாக்கால் தலையை மூடிய ஒரு ஆள். ஆட்களைக் காட்டிக்கொடுப்பவன், தலையாட்டி என்று சொல்லுவோம். அவன் தலையாட்டினால் ராணுவ லொறிப் பக்கம். ஆட்டாவிட்டால் வீட்டுக்கு. பெரியண்ணை எனக்கு முன்னால் போனார். தலை ஆடியது. அடுத்தது நான். அந்த ஆள் என்னைக் கனநேரம் பார்த்தான். தலை ஆடவில்லை.

பெரியண்ணையை அதற்குப் பிறகு ஒருவரும் காணவில்லை.

"அந்தாள் எங்கட ஊர்க்காரன். ஊர்க்காரன் எண்டால்தானே ஆளை ஆள் தெரியும்" என்றேன். "அதுக்குப் பிறகு ஊர்க்காரர் ஆரைக் கண்டாலும் முதல் கண்ணைத்தான் பாக்கிறது. கோயில்லையும் சரி, கலியாண வீட்டிலையும் சரி. இவனோ, அவனோ எண்டு. அதாலதான் நான் ஊர்ச்சங்கத்துக்குப் போறதில்லை. ஊர்க்காரரின்ர கடையில வேலையும் எடுக்கிறதில்லை."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"ஓம்."

 தெருவில் வாத்தியம் கிட்ட வந்து பிறகு தூரப் போனது.

"அப்பா, ஒண்டு கேக்கலாமா? அந்தாள் உங்களுக்கு ஏன் தலையாட்டேல்ல?"

"என்ன?"

"இல்ல, பெரியப்பாவைக் காட்டினவர். உங்களையும் தெரிஞ்சிருக்கும்தானே. ஒய் நொட் யூ?"

எனக்குக் கோபம் வந்தது. "ஏன் உப்பிடிக் கேக்கிறாய்?" என்றேன். அவள் முகத்தைப் பார்த்தேன், அவள் கேட்டதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று. ஒன்றும் இருக்கவில்லை. தெரியாததைத்தான் கேட்டிருந்தாள். தலையை ஆட்டினவனை இத்தனை வருடமாகத் தேடியிருக்கிறேன். ஆட்டாமல் விட்டவனும் அவன்தான் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

"தெரியாது பிள்ளை" என்றேன்.

6

ஐந்து மணிக்கு மீன். போகமாட்டேன் என்றேன், வதனி கையைப் பிடித்து இழுத்தாள். நகரசபை முன்றலில் சனம் நெருங்கி நின்று மாடத்தைப் பார்த்துக் கத்தியது. உண்மையாகவே மேயர் வெளியே வந்தார். உண்மையாகவே மீன் பறந்தது. புகைபோட்ட ஹெரிங் மீன், பொலித்தீன் உறைக்குள். வதனி மயிர்த்தோல் கோட்டுக்காரர் இருவருக்கு நடுவில் பாய்ந்து ஒன்றைப் பிடித்தாள். முப்பது வருடத்தில் அவள் பாய்ந்து நான் கண்டதில்லை.

கடைசியில் ஒரு சதுக்கத்தில், ஊரின் பழைய கடல்வீரன் ஒருவனின் சிலையடியில், அந்தச் சனம் முழுவதும் முழந்தாளிட்டு ஒரு பாட்டுப் பாடியது. பக்கத்தில் ஜெரோம் கவுனோடு முழந்தாளிட்டிருந்தார். உதட்டுச் சாயம் கண்ணீரில் கரைந்து மீசைக்குள் போனது. ஆரணியும் முழந்தாளிட்டு அவர்களின் மொழியில் பாடினாள், ஒரு சொல்லும் தவறாமல். இவள் இனி லண்டனுக்குத் திரும்பமாட்டாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவளை இங்கே பிடித்து வைத்திருப்பவன் என்று நான் தேடியது ஒரு ஆளை. அவளை எடுத்துக்கொண்டது ஊர்.

என்னால் முழந்தாளிட முடியவில்லை. நின்றுகொண்டிருந்தேன். யாராவது ஏதாவது சொல்லப்போகிறார்கள் என்று சுற்றிப் பார்த்தேன். பக்கத்தில் மார்ட்டினும் நின்றுகொண்டிருந்தார்.

"எனக்கு முழங்கால் வருத்தம்" என்றார். எனக்கு என்ன என்று கேட்கவில்லை.

7

லண்டனுக்கு வந்து இரண்டு கிழமை இருக்கும். ஒரு தொலைபேசி. ரெய்னர்ஸ் லேனில் போன் திருத்தும் கடை, களவு போய்விட்டது, கமரா பூட்டவேண்டும் என்றது குரல். பெயர் நாதன். பேச்சிலேயே எங்கள் ஊர் என்று தெரிந்தது. "நீ ரவிதானே? உன்னோட படிச்சனான்" என்றான்.

வழக்கமாக ஏதாவது சாட்டுச் சொல்லியிருப்பேன். இந்தமுறை போனேன். ஆரணியின் கேள்வி மண்டைக்குள் கிடந்து குடைந்துகொண்டிருந்தது.

நாதன் மெலிந்து, தலை முழுக்க நரைத்திருந்தான். பழைய பழக்கத்தில் முதலில் கண்ணைத்தான் பார்த்தேன். அவனும் என் கண்ணைத்தான் பார்த்தான். கமரா இரண்டு பூட்டி முடியும்வரை இருவரும் வயர் பற்றித்தான் கதைத்தோம். தேத்தண்ணி வந்தது. நானே கேட்டேன்.

"அண்டைக்குச் சுற்றிவளைப்பில நீயும் நிண்டனி, என்ன?"

"உனக்கு ரெண்டு பேருக்குப் பின்னால" என்றான். குவளையை மேசையில் வைத்தான். "கோவிக்காத, ரவி. தமையனுக்கு ஆட்டினவன் தம்பிக்கு ஆட்டேல்ல. அது ஊரில அப்பவே கதை. உங்கட வீட்டுக்காரர் ஆரோடையோ கதைச்சு உன்னை மட்டும் தப்புவிச்சவை எண்டு."

"ஆர் கதைச்சது?"

"எல்லாரும்தான்." கொஞ்சம் பொறுத்து, "நானும்" என்றான்.

நான் ஊர்ச்சங்கத்துக்குப் போவதில்லை என்று எழுதினேன். போவதில்லைதான். ஆனால் ஒருமுறையாவது எனக்கு அழைப்பு வந்ததா என்று நாதனின் கடையில் இருந்துதான் யோசித்துப் பார்த்தேன். வரவில்லை. நான் அவர்களைத் தள்ளி வைத்திருக்கிறேன் என்று இவ்வளவு காலமும் நினைத்திருக்கிறேன்.

"அம்மாக்குத் தெரியுமோ, ஊர் இப்பிடிக் கதைச்சதெண்டு?"

"தெரியாமல் இருக்குமே? அதாலதானே உன்னை உடன வெளிநாட்டுக்கு அனுப்பினவ."

அம்மா செத்து ஒன்பது வருடம். கேட்க ஏலாது. ஆரணி கேட்ட கேள்வியை ஒரு ஊர் முழுக்க முப்பது வருடத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. என்னிடம் மட்டும் கேட்கவில்லை.

"எனக்கும் ஏன் ஆட்டேல்ல எண்டு தெரியாது, நாதன். சத்தியமா."

"எனக்கும் ஆட்டேல்லத்தானே" என்றான் அவன்.

"அப்ப உன்னைப் பற்றியும் கதைச்சிருப்பினமோ?"

நாதன் கடைக்கண்ணாடிக்கு வெளியே தெருவைப் பார்த்தான்.

"ஆர் எனக்குச் சொல்லப்போகினம்?" என்றான்.

மேல்மாடியிலிருந்து அவனுடைய மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். "வந்தவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ." நாங்கள் உடனே எழும்பவில்லை. பிறகு நாதன் எழும்பிக் கடைக்கதவைப் பூட்டினான். நான் கையைக் கழுவிக்கொண்டு அவனுக்குப் பின்னால் படியேறினேன்.